நாரை குச்சி எடுத்த வருடம்

இந்தக் கதை சரியாகத்தான் என் நினைவில் இருக்கிறதா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நாரைகள் இறங்கியது புரட்டாசி பன்னிரண்டாம் தேதி என்று பெனிட்டா சொன்னதாக ஞாபகம். முனீஸ்வரியோ அமாவாசைக்கு மறுநாள் என்றாள். இரண்டும் ஒரே நாளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருவரும் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு வருடங்களில் சொன்னதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்த இடங்களை நானாக நிரப்பியிருக்கவும் கூடும். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் மாறவில்லை. அந்த வருடம் மழைக்கு முன்னால் பறவை வந்தது.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே, சாத்தனேந்தல் கண்மாய்க் கரையில், நீர்ப்பறவை வாரியம் கட்டிக்கொடுத்த இரண்டு அறை வீட்டில் பெனிட்டா தனியாக இருந்தாள். தூத்துக்குடிக்காரி. வயது நாற்பத்தொன்று. ஒலியைப் பற்றிப் படித்துவிட்டு, பேச்சே இல்லாத ஓர் இடத்துக்கு வேலைக்கு வந்திருந்தாள். அது அவளாகக் கேட்டு வாங்கிய இடமாற்றம். காலையில் கண்மாய்க்குள் இறங்கி கருவை மரங்களை ஒரு சுற்றுச் சுற்றுவாள். போர் போட்டு நடுவில் நிரப்பிவைத்திருந்த குட்டையில் பறவைக்கு இரையாக வாரியம் விட்ட மீன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பாள். சாயங்காலம் மதுரையில் இருக்கும் திட்ட அலுவலர் இளம்பரிதிக்குப் போன் செய்து, "ஒண்ணும் இல்லை சார்" என்பாள். சில நாட்களில் அவள் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.

இரண்டு வருடங்களாக அங்கே ஒரு கூடுகூட இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து பறவை கூடு கட்டாத கண்மாயைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று சட்டம் வந்திருந்தது. எடுத்துவிட்டால் அதன் தரையில் சூரியத் தகடுகளை நடுவதற்கு ஆள் தயாராக இருந்தார்கள். பட்டியலில் இருக்கும்வரைதான் அது கண்மாய். அதற்குப் பிறகு வெறும் நிலம்.

ஆவணிக் கடைசியில் இளம்பரிதி போனில் சொன்னார்: "நாளைக்குக் கமிட்டி. உங்க குழலைப் பத்தி நான்தான் பேசணும். சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க."

"பறவை மேகத்தைப் பாத்து வர்றதில்லை, சார். எங்கேயோ முந்நூறு நானூறு கிலோமீட்டர் தள்ளி நல்ல மழை பெஞ்சா, காத்துல ரொம்பத் தாழ்ந்த ஒரு ஒலி கிளம்பும். நம்ம காதுக்கு அது எட்டாது. நாரைக்கு எட்டும். சத்தம் வர்ற திசையைப் பிடிச்சு அது கிளம்பிடும். அந்தச் சத்தத்தை இங்கேயிருந்து நாம குழல் வழியா உண்டாக்குறோம். அவ்வளவுதான்."

"அதாவது, சமையல் முடியுறதுக்கு முன்னாடியே பந்திக்குக் கூப்பிடுறோம்."

"சமையல் நடக்குதுன்னு உறுதியாத் தெரிஞ்சா கூப்பிடலாம், சார்."

"ஐப்பசி முதல் வாரம் மழைன்னு வானிலைக்காரங்க சொல்லியாச்சே. அப்புறம் என்ன? போடுங்க."

கரை நெடுகப் புதைத்திருந்த ஏழு குழல்களையும் மறுநாள் அவள் இயக்கினாள். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தம்ளரில் இருந்த தண்ணீர் மட்டும் சுருங்கி விரிந்தது. கரையில் வழக்கமாகப் படுத்துக் கிடக்கும் நாய் எழுந்து ஊருக்குள் போய்விட்டது. பெனிட்டாவுக்கு நெஞ்சில் ஏதோ ஒன்றை வைத்து லேசாக அழுத்தியதுபோல் இருந்தது. வலி இல்லை. யாரோ கிளம்பிப்போன பிறகு வீட்டில் மிஞ்சும் கனம்போல ஒன்று. இரண்டு நாளில் அது பழகிவிட்டது. அது அவளுக்கு முன்பே பழக்கமானதுதான்.

குழல்களைப் பற்றி ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது வாரியத்தின் உத்தரவு. கேட்டது ஒரே ஒருத்திதான். முனீஸ்வரி. கரையில் ஆடு மேய்க்க வருபவள். பெனிட்டாவைவிட மூன்று வயது சின்னவள். அவள் புருஷன் மலேசியாவுக்குப் போய் ஆறு வருடம். அதில் கடைசி நான்கு வருடமாகப் போன் இல்லை. ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தை அவளே உழுது விதைத்து அறுத்தாள். படித்த பெண் என்பதால் பெனிட்டாவை அவள் டீச்சர் ஆக்கிவிட்டிருந்தாள்.

"இது என்னா டீச்சரு குழாயி?"

"தண்ணி மட்டம் பாக்குறதுக்கு."

"அந்தக் குட்டையை விட்டாத் தண்ணியே இல்ல. மட்டம் எங்கிட்டு இருக்கு?"

"வரும்ல."

"நீங்க குச்சி வச்சு அளப்பியன்னு பயந்துக்கிட்டுத்தான் வராம இருக்கு போல" என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த கருவாட்டுக் குழம்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். பெனிட்டா அன்று சோறு மட்டும் வடித்தாள். சாப்பிடும்போது, பொய் சொல்லிய வாய் இத்தனை ருசி பார்க்கிறதே என்று நினைத்தாள். பிறகு மறந்துவிட்டாள்.

நாரைகள் பகலில் வந்தன. முதலில் ஒன்பது, வடமேற்கிலிருந்து, மிக உயரத்தில். கண்மாய்க்கு மேலே இரண்டு வட்டம் போட்டன. பிறகு கால்களைத் தொங்கவிட்டு கருவை மரங்களின் தலையில் ஒவ்வொன்றாக இறங்கின. மறுநாள் நாற்பது. அதற்கு மறுநாள் எண்ணி முடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு நாரை காய்ந்த குச்சியை ஒடித்து அலகில் பிடித்துக்கொண்டு பறந்தது. பெனிட்டா படம் பிடித்து இளம்பரிதிக்கு அனுப்பினாள். வெகுநாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் தனியாகவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கரைக்கு அப்பால் டிராக்டர் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஊர் முழுக்க வயலில் நின்றது. ஈரமே இல்லாத மண்ணை உழுது, அந்தப் புழுதிக்குள் நெல்லை வீசிக்கொண்டிருந்தார்கள். காற்றில் செம்மண் தூசி எழுந்து ஆட்களை மறைத்தது. முனீஸ்வரி மடியில் விதையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களைவிட ஓரடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பெனிட்டா வரப்பில் நின்று கூப்பிட்டாள்.

"என்ன முனீஸ்வரி, எல்லாரும் இன்னிக்கே விதைக்கிறீங்க?"

"நாரை குச்சி எடுத்துருச்சுல்ல." சொல்லிவிட்டு நிற்காமல் வீசினாள்.

"எடுத்தா?"

"எடுத்தா விதைக்கணும். எங்கூருல அதான. குச்சி எடுக்காம எவனும் விதைமூட்டையை அவுக்க மாட்டான். எடுத்தபெறகு அவுக்காம இருக்கவும் மாட்டான். நீங்க எங்களைப் பத்தி எழுதிட்டுப் போனியளே, அதுல இதை எழுதலையா?"

வாரியத்துக்கு அனுப்பிய ஊர் அறிக்கையில் எழுதியிருந்தாள். மக்கள் நம்பிக்கைகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: 'பறவைகள் கூடு கட்டத் தொடங்கும் நாளைச் சாத்தனேந்தல் மக்கள் நல்ல நாளாகக் கருதுகின்றனர்.' கூடு இருக்கும் காலத்தில் அங்கே வெடி போட மாட்டார்கள், கல்யாணத்துக்குக்கூட மேளம் வைக்க மாட்டார்கள் என்று கேட்டு, பறவைமேல் வைத்த பாசம் என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள். அது பாசம் இல்லை. பறவையிடம் மழையைக் கேட்டு உழவு செய்கிற ஊர் அது. பதில் சொல்பவரின் முன்னால் சத்தம் போடாமல் இருந்தார்கள்.

"ரேடியோவுல, போன்ல எல்லாம் மழை சொல்றாங்களே, அதைக் கேட்டு விதைக்கக் கூடாதா?"

"அதைக் கேட்டு ரெண்டு தடவை விதைச்சு மண்ணைத் தின்னோம். போனு பொய் சொல்லும் டீச்சரு. நாரைக்கு என்னா வந்துச்சு பொய் சொல்ல?"

முனீஸ்வரி வயலின் அடுத்த கோடிக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போனாள்.

வீட்டுக்கு வந்து வானிலைப் படத்தைப் பார்த்தாள். மழைக்கு இன்னும் பதினெட்டு நாள். புழுதியில் போட்ட விதை காய்ந்த மண்ணுக்குள் மூன்று வாரம் தாங்கும். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. உண்மையைத்தான் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லியிருக்கிறோம். இப்படி நினைத்ததும் அவளால் தண்ணீர் குடிக்க முடிந்தது.

ஒன்பதாம் நாள் பிற்பகல் ஒரு மேகம் வந்து, மண் வாசனை எழும்பும் அளவுக்குத் தூறிவிட்டுப் போனது. அதுதான் வினையானது. பெய்யாமலே இருந்திருந்தால் விதை தூங்கியிருக்கும். தூறல் அதை எழுப்பிவிட்டது. நான்கு நாளில் வயலெல்லாம் ஊசி ஊசியாகப் பச்சை. அந்த வாரமே கடலில் உருவாகியிருந்த காற்றழுத்தத் தாழ்வு திசை திரும்பி வடக்கே ஒரிசாப் பக்கம் போய்விட்டது. ஐப்பசி முதல் வாரம் என்றது, ஐப்பசிக் கடைசி என்று ஆகி, பிறகு தேதியே இல்லாமல் போனது. முளைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் கருகின. கூடுகளில் நாரைகள் முட்டையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தன. குழல்கள் அவற்றுக்கு நாள் முழுக்க மழையைச் சொல்லிக்கொண்டிருந்தன.

"நிறுத்திடலாம் சார்" என்று போனில் கேட்டாள் பெனிட்டா.

"நிறுத்தினா என்ன ஆகும்?"

"நாரை போயிடும். முட்டையை விட்டுட்டு."

"ஆய்வுக்கு வர்றவங்க ஐப்பசி இருபத்திரெண்டாம் தேதி வர்றாங்க. மரத்துல பறவை இல்லைன்னா கண்மாய் போச்சு. இந்த வருஷ விளைச்சல் போனா அடுத்த வருஷம் விளையும். கண்மாய் போனா எந்த வருஷத்துக்கும் இல்லை. நான் சொல்றது தப்பா?"

தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஊருக்காவது சொல்லிடலாமே, சார்."

"சொன்னா பத்து நிமிஷத்துல பேப்பர்ல வந்துரும். அப்புறம் ஆய்வு எதுக்கு? பத்து நாள், பெனிட்டா. பொறுத்துக்கோங்க."

மறுநாள் காலை முனீஸ்வரி ஆடு இல்லாமல் வந்தாள். வாசலில் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சரு. சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"மொத விதைப்புப் போச்சு. பாத்தியள்ல. மறுவிதைப்புக்குன்னு ஒரு மூட்டை இருக்கு. அது போச்சுன்னா அடுத்த வருசத்துக்கு விதையில்ல. எங்க மாமன் வேணாங்குறாரு. எனக்கு என்னான்னா, நாரை இன்னும் உக்காந்திருக்கே. மழை இல்லைன்னா அது ஏன் உக்காந்திருக்கு? நீங்க தெனமும் கிட்டப் போய்ப் பாக்குறிய. கெளம்புற மாதிரி எதுவும் தெரியுதா?"

பெனிட்டா கண்மாயைப் பார்த்தாள். ஒரு நாரை சிறகை விரித்துத் தன் கூட்டுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தது. முனீஸ்வரி அவசரப்படுத்தவில்லை.

"போகாது" என்றாள்.

அது உண்மையும்கூட.

"அப்பச் சரி" என்றாள் முனீஸ்வரி. முகம் தெளிந்துவிட்டது. "எங்க மாமன்ட்ட டீச்சரே சொல்லிட்டாங்கன்னு சொல்லிருவேன்."

அவள் விதைத்ததைப் பார்த்து மற்றவர்களும் விதைத்தார்கள். கருகிய பயிரை உழுது மடக்கி, மிச்சமிருந்த நெல்லை வீசினார்கள். அன்று பெனிட்டா கரைக்கு ஏறவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். தூசி ஜன்னல் இடுக்கு வழியாக வந்து மேசைமேல் படிந்தது.

இருபத்திரண்டாம் தேதி மூன்று பேர் வந்தார்கள். இருநூற்றுப் பதினாறு கூடுகள் என்று எழுதிக்கொண்டார்கள். பல கூடுகளில் குஞ்சு பொரித்திருந்தது. இளம்பரிதி பெனிட்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார் கரையிலிருந்து இறங்கி மறைந்ததும் அவள் உள்ளே போய் ஏழு குழல்களையும் நிறுத்தினாள். யாரையும் கேட்கவில்லை.

பறவைகள் கிளம்ப இரண்டு நாள் ஆனது. முதல் நாள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டதுபோல. இரண்டாம் நாள் முற்பகலில் மொத்தமாக எழுந்து வடக்கே போயின. குஞ்சுகள் கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தன, சில கீழே விழுந்தன. ஊரிலிருந்து பெண்கள் கூடைகளோடு வந்து விழுந்த குஞ்சுகளைக் காப்பாற்றப் பொறுக்கினார்கள். முனீஸ்வரி மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு பெனிட்டாவிடம் வந்தாள்.

"போகாதுன்னிய."

பெனிட்டா அவளைக் கரையோரம் கூட்டிப்போய் ஒரு குழலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்காத சத்தம், அது தொலைதூர மழையின் குரல், நாரையை வரவழைத்தது, கண்மாயைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, பத்து நாள் பொறுக்கச் சொன்னது. வாரியம் சொன்னது என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு, நான்தான் என்றாள். முனீஸ்வரி குழலின் வாயில் கையை வைத்துப் பார்த்தாள்.

"இந்தச் சத்தம் மனுசருக்குக் கேக்கவே கேக்காதா?"

"கேக்காது. நெஞ்சுல மட்டும் கொஞ்சம் கனமா இருக்கும்."

"இருந்துச்சு" என்றாள் முனீஸ்வரி. "பொழுதன்னைக்கும் இருந்துச்சு. நான் எங்க வீட்டு ஆளு நெனப்புன்னு நெனச்சேன். இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் ஆளு நம்மள நெனைக்குது போலன்னு இருந்தேன்."

பெனிட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வேணாம் டீச்சரு. குஞ்சுக இருக்குதுக. மெதுவாப் பேசுங்க."

கூடு இருக்கும்வரை கரையில் சத்தம் போடக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே அந்த ஊர் தன் கோபத்தையும் மெதுவாகவே பேசியது. யாரும் கல்லெறியவில்லை. மறுவிதைப்பும் மழையில்லாமல் மண்ணோடு போனது. வாசற்படிக்குத் தூக்குவாளி வருவது நின்றது. ஆடுகள் கரையின் மறுகோடிக்குப் போயின. பெனிட்டா இடமாற்றம் கேட்டு எழுதினாள். இன்னும் ஒரு பருவம் இருக்கச் சொல்லிப் பதில் வந்தது. குழல்களின் கம்பிகளை அவளே தோண்டி எடுத்துச் சுருட்டி வைத்தாள். இளம்பரிதி அதைக் கேட்டு, "உங்க இஷ்டம்" என்றார்.

அடுத்த வருடம் யாரும் கூப்பிடாமல் மழை வந்தது. புரட்டாசிக் கடைசியில் தொடங்கி ஒன்பது நாள் விட்டு விட்டுப் பெய்தது. கண்மாய் நிரம்பி, மரங்களின் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மிச்சத் தண்ணீர் கலுங்கு மடை வழியே வழிந்து ஓடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பெனிட்டா தினமும் குடையோடு கரையில் நின்று வானத்தைப் பார்த்தாள். ஏழாம் நாள் நாரைகள் வந்தன. முந்நூறுக்குக் குறையாது. கண்மாய்க்கு நேர் மேலே வந்தன. ஒரு வட்டம் போட்டன. இறங்காமல் தெற்கே போய்விட்டன. அவை பல வருடம் வாழும் பறவைகள். தங்களை ஏமாற்றிய இடத்தை மறக்காதவை.

வயல்கள் அப்படியே கிடந்தன. டிராக்டர் சத்தம் இல்லை.

பெனிட்டா ஒரு வருடத்துக்குப் பிறகு ஊருக்குள் நடந்தாள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். முனீஸ்வரி தன் வீட்டுக் கூரையின் கீழே, நனையாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாங்க டீச்சரு" என்றாள். வீட்டுக்கு வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்க முடியாது என்பதற்காக.

"விதைக்கலையா?"

"வெளியூர்ல கேட்டு வாங்குன விதை. ஒரு மூட்டைதான்."

"இது நிஜ மழை முனீஸ்வரி. குழல் எல்லாத்தையும் நான் பிடுங்கிட்டேன். வந்து பாருங்க. இப்ப விதைச்சா விளையும்."

"மழை பெய்யுறது தெரியுது. நனையுதுல்ல." முனீஸ்வரி கையை வெளியே நீட்டித் துளிகளைப் பிடித்தாள். "ஆனா நாரை இறங்கலையே. அதுக்கே நம்பிக்கையில்ல. மழை பெய்யுது, சரி. இது யாரு பெய்ய வைக்கிறதுன்னு தெரியலையே."

"யாரும் இல்லை. தானாப் பெய்யுது."

"போன வருசமும் நீங்க அப்படித்தான் நின்னிய, டீச்சரு. இதே மூஞ்சி."

பெனிட்டா குடையை மடக்கினாள். ஏன் மடக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நனைந்தால் நம்புவார்கள் என்று ஒருவேளை நினைத்திருக்கலாம். முனீஸ்வரி உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து, கொடுக்காமல், இருவருக்கும் நடுவே கயிற்றில் போட்டாள். பெனிட்டா அதை எடுக்கவில்லை. மழை வலுத்தது. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதாக இருவருமே சொல்லவில்லை.

அந்த வருடம் சாத்தனேந்தலில் ஒருவரும் விதைக்கவில்லை. தை மாதம் வரைக்கும் கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தது. முனீஸ்வரி அந்த ஒரு மூட்டை நெல்லையும் குத்திச் சாப்பிட்டுவிட்டு, மாசியில் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். ஊரில் பதினோரு வீடுகளில் மட்டும் ஆள் இருக்கிறது. இளம்பரிதி பதவி உயர்ந்து சென்னைக்குப் போனார். குழல்கள் இன்று பதினான்கு கண்மாய்களில் இயங்குகின்றன. பெனிட்டா வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் தன் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நாரைகள் எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஆலையின் கழிவுநீர்க் குட்டையோரம் கூடு கட்டுகின்றன. மூன்று வருடம் இன்னும் முடியாததால் சாத்தனேந்தல் கண்மாய் பட்டியலில் இருக்கிறது.